விசேட தேவையுள்ள பிள்ளையோடு பகுதிநேர வேலை: திருகோணமலை அம்மாமார் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு 11 வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. அது தெரியவந்த மாதமே, ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். ஐந்து வருடங்கள் கழித்துத்தான் என் உழைப்பின் காசு மறுபடி என் கைக்கு வந்தது. இன்று காலையில் தையல், இரவில் ஒரு கடையின் பற்றுச்சீட்டுகளைக் கணக்கில் ஏற்றும் வேலை என்று இரண்டு சிறு வருமானங்கள் இருக்கின்றன. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த அம்மாமார் கேட்ட கேள்விகளுக்கு அங்கே அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. பெயரைக் கூப்பிட்டதும் எழும்பி ஓட வேண்டியிருந்தது. அந்தப் பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

வேலை தேட எங்கிருந்து தொடங்குவது?

வேலையைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தைத் தேடுங்கள். ஒரு பழைய கொப்பியை எடுத்து இரண்டு கிழமைக்கு மணிவாரியாக எழுதுங்கள். பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பினான், எந்த நேரத்தில் தன்பாட்டில் இருந்தான், எந்த நேரத்தில் உங்கள் சேலைத் தலைப்பை விடவே இல்லை, மருந்து எப்போது, தூக்கம் எப்போது. எல்லாவற்றையும் எழுதுங்கள்.

நான் எழுதிப் பார்த்தபோது அதிர்ந்துபோனேன். காலை முழுவதும் எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மகன் போகும் விசேட கல்வி அலகு இருக்கும் பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். ஆனால் அவனால் 11.30க்கு மேல் அங்கே இருக்க முடியாது. கொண்டுபோய் விடவும் கூட்டி வரவும் ஆகும் நேரத்தையும் கழித்தால் மிஞ்சியது இரண்டரை மணி. இரவில் அவன் தூங்கிய பிறகு இன்னும் ஒரு மணி. அவ்வளவுதான் என் முதல்.

குழம்பிய நாட்களையும் அதே கொப்பியில் குறியுங்கள். கிளினிக் நாள், பேச்சுச் சிகிச்சை நாள், காய்ச்சல், பாடசாலையிலிருந்து வந்து கூட்டிப் போகச் சொன்ன நாள். மாதத்தில் ஆறு நாள் குழம்புகிறது என்றால் அந்த ஆறு நாட்களையும் இல்லாத நாட்களாகவே வைத்துக்கொண்டு வேலைக்கு வாக்குக் கொடுங்கள். மிச்ச நேரம் கிடைத்தால் அது லாபம். முழு மாதத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு ஆறு நாள் தலை குனிவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த வேலை எனக்குப் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நடுவில் போட்டுவிட்டு எழும்பினால் இந்த வேலை கெட்டுவிடுமா? பிளவுஸ் கை பொருத்தும்போது பிள்ளை வீறிட்டால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஓடலாம். துணி அப்படியே காத்திருக்கும். எண்ணெய்ச் சட்டி காத்திருக்காது. தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் வேலையும் காத்திருக்காது.

அடுத்ததாக, அந்த வேலையின் சத்தம், மணம், வெளிச்சம் ஆகியவற்றைப் பிள்ளை எப்படித் தாங்குகிறான் என்று பாருங்கள். தையல் இயந்திரத்தின் சத்தம் என் மகனுக்குப் பிடிக்கும். மேசைப் பலகையில் உள்ளங்கையைப் பதித்து, அந்த அதிர்வு அடங்கும்வரை அசையாமல் நிற்பான். சக்கரம் நின்றதும் என் முகத்தைப் பார்ப்பான். ஆனால் ஓவர்லொக் இயந்திரத்தின் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. முதல் நாள் அதைப் போட்டபோது இரு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்தவன், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. இப்போது விளிம்பு அடிக்க வேண்டிய துணிகளை மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு அதில் ஒரு பங்கு. என் வருமானம் கொஞ்சம் குறைந்தது. வீடு அமைதியாக இருக்கிறது.

தையலுக்கு இங்கே அவ்வளவு வேலை இருக்கிறதா?

வருடம் முழுவதும் ஒரே அளவாக இராது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றுக்கு முன் பிளவுஸும் சட்டையும் குவியும். நோன்புப் பெருநாளுக்கு முன் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் வேலையைத் தனி ஒருத்தியால் செய்து முடிக்க முடியாது. புதிய வகுப்பு தொடங்கும் காலத்தில் பாடசாலைச் சீருடை. வெள்ளைத் துணி என்பதால் கையில் மஞ்சளோ எண்ணெயோ இருக்கக் கூடாது. பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு அவசரமாக வந்து தொட்டு நான் இரண்டு சட்டைகளைப் பழுதாக்கியிருக்கிறேன்.

தையலில் அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன் அனுபவத்தை மதிப்பிட்டு வழங்கும் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழைப் பற்றி தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். முதலில் இருந்து படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், தெரிந்ததைச் செய்து காட்டிப் பெறும் வழி அது.

இடியப்பம், பிட்டு, சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுக்கலாமா?

பிள்ளை விடியும்வரை தூங்குபவனாக இருந்தால் நல்ல வேலை. கையில் அன்றன்றைக்கே காசு வரும். ஆனால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்: காலை நாலு மணிக்கு எழும்ப வேண்டும், ஒரு நாள் தவறினால் கடைக்காரர் அடுத்த நாளே வேறு ஆளைப் பிடித்துவிடுவார். இரவில் தூங்காத பிள்ளையை வைத்திருக்கும் அம்மா இந்த வேலையை எடுத்தால் மூன்றே மாதத்தில் படுத்துவிடுவார். எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவர் இப்போது மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் வறுத்து அரைப்பித்துப் பொதி செய்கிறார். தூள் இரண்டு நாள் பிந்தினாலும் யாரும் கோபிப்பதில்லை.

வியாபாரம் சற்றுப் பெருகியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். நகரில் இருப்பவர்களுக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். உணவு என்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே போய்ச் சந்தியுங்கள். அவர் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வேலை எப்படி?

கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. கடல் அடங்கி, புறாத்தீவுக்குப் படகு போகும் மாதங்கள். அறை துப்புரவு, படுக்கை விரிப்புத் துவைத்தல், காலைச் சாப்பாடு என்று அரைநாள் வேலைகள் அப்போது உண்டு. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் பெரும்பாலும் இல்லை. ஆகவே அதை ஐந்து மாத வேலை என்று எண்ணியே எடுங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் விடுதிகளில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். பிள்ளையும் அப்போதுதான் முழு நாளும் வீட்டில் இருப்பான். அந்த மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்று மேயிலேயே முடிவெடுங்கள். விரிப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, காயவைத்து, அழுத்திக் கொடுப்பது இன்னும் வசதி. தண்ணீர்க் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் கூலியில் சேர்த்துக் கேளுங்கள்.

கடையிலோ அலுவலகத்திலோ அரைநாள் வேலை கேட்கும்போது பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நான் சொல்வேன். ஆனால் நோயின் பெயரிலிருந்து தொடங்கமாட்டேன். கேட்பவருக்கு வேண்டியது மூன்று விடயங்கள்: எந்த மணியிலிருந்து எந்த மணிவரை வருவீர்கள், வரமுடியாத நாளில் எவ்வளவு முன்னால் சொல்வீர்கள், அன்றைய வேலையை எப்போது ஈடுசெய்வீர்கள். இதற்கு ஒழுங்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். “காலை 8.30 முதல் 11 வரை, கிழமையில் நாலு நாள். கிளினிக் நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும், மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்” என்று தெளிவாகச் சொல்லும் ஆளை எந்த முதலாளியும் இலேசில் தட்டிக்கழிப்பதில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கும் வேலை அதிக நாள் நிலைப்பதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் மருத்துவக் கதை முழுவதையும் ஒரு முதலாளி முன்னால் விரித்து வைக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

பேசியதை எழுத்தில் வையுங்கள். கடிதமாக இல்லாவிட்டாலும் ஒரு வட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பிவிடுங்கள். நான் முதலில் சேர்ந்த ஓர் இடத்தில் வாயால் சொன்ன அரைநாள், தீபாவளிக் காலத்தில் மாலை ஆறு மணியாகிவிட்டது. மறுத்தபோது அந்த மாதக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய வேலை அதே கடையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது நான் கணக்கெழுதும் கடைக்குக் கிழமையில் ஒரு தடவைதான் போகிறேன். ஒரு பையில் பற்றுச்சீட்டுகளை வாங்கி வந்து, மகன் தூங்கிய பின் கொப்பியில் ஏற்றி, அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்கிறேன்.

இணையத்தில் தமிழ் படிப்பிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. எங்களில் மூவர் செய்கிறார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவர்தான். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் தங்கள் பிள்ளைகள் அப்பம்மாவோடு தமிழில் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பொறுமையாகப் பேசவும் வாசிக்கவும் பழக்கக்கூடிய ஒருவரைத்தான் தேடுகிறார்கள். ஒரு சொல்லை நூறு தடவை சொல்லிக் கொடுக்கும் பொறுமை நமக்கு ஏற்கெனவே பழக்கமானது.

எந்த நாட்டுப் பிள்ளை என்பதை உங்கள் மணிக்கொப்பியைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். சிட்னியும் மெல்பேணும் நமக்கு நாலரை மணி முன்னால். அங்கே கோடைக்காலத்தில் ஐந்தரை மணி. அங்கே மாலை 4.30 என்றால் இங்கே பகல் 12 அல்லது 11. பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்திலேயே ஒரு வகுப்பை முடிக்கலாம். லண்டன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி பின்னால். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 9.30 அல்லது 10.30, பிள்ளை தூங்கிய நேரம். கனடாவின் டொரன்டோ ஒன்பதரை அல்லது பத்தரை மணி பின்னால். அங்கே வார நாள் மாலை நமக்கு விடியற்காலை. சனிக்கிழமை காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அந்த நேரத்தில் வீட்டில் வேறு ஒருவர் பிள்ளையைப் பார்க்க இருந்தால் மட்டும் கனடாவை எடுங்கள். அவர்கள் வருடத்தில் இரண்டு தடவை மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. மாறும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

வகுப்பு அரை மணி போதும். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். உங்கள் வகுப்பு தவறினால் அடுத்த கிழமை ஈடுசெய்வீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் பிள்ளை சத்தம் போட்டால் ஒளிக்க வேண்டாம். மகன் பக்கத்தில் இருக்கிறான் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொன்ன என் தோழியை இதுவரை யாரும் விட்டுப் போகவில்லை.

தட்டச்சு, மொழிபெயர்ப்பு?

பழைய பாமினி எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றித் திருத்துவது, கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர், பாடசாலை வினாத்தாள் அடிப்பது ஆகிய வேலைகள் அச்சகங்களில் உண்டு. நேரில் போய்க் கேளுங்கள். சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் மதிப்பு அதிகம்.

பேஸ்புக்கில் “வீட்டிலிருந்து பொதி செய்யும் வேலை, நாளுக்கு ஐயாயிரம்” என்று வருகிறதே?

தொடாதீர்கள். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பொருள் அனுப்பும் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒன்றுதான். டெலிகிராமில் சேர்த்து, படங்களுக்கு விருப்பம் இடச் சொல்லி, முதல் இரண்டு நாள் சில நூறு ரூபாய் உண்மையாகவே அனுப்புவார்கள். மூன்றாம் நாள் பெரிய தொகை போட்டால் இரட்டிப்பாக வரும் என்பார்கள். பிள்ளையின் சிகிச்சைக்குச் சேர்த்த காசை இப்படி இழந்த ஓர் அம்மா, வீட்டுக்காரருக்குச் சொல்லப் பயந்து ஆறு மாதம் தனியாக அழுதார். அவர்மேல் பிழை இல்லை. அவசரத்தில் இருப்பவரைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்களுடைய தொழில்.

இன்னும் ஆபத்தானது, உங்கள் வங்கிக் கணக்கைப் பாவிக்கக் கேட்பது. காசு வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றினால் தரகு தருவோம் என்பார்கள். அது திருட்டுக் காசாக இருந்தால் பொலிஸ் வருவது கணக்கின் சொந்தக்காரரிடம்தான். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை (OTP) யாருக்கும் சொல்லாதீர்கள்.

அரைநாள் ஆளுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டா? கூலி எவ்வளவு கேட்கலாம்?

உண்டு. நிரந்தரமாக இல்லாவிட்டாலும், தற்காலிகமாகவோ துண்டுக் கணக்கிலோ ஓர் இடத்தில் வேலை செய்பவருக்கும் சேமலாப நிதி உரியது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 சதவீதம் அவரே கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வீட்டுப் பணிப்பெண் வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கூலிக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். அரை நாளுக்கு 300 ரூபாய் தருகிறேன் என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தீராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

நான் உழைக்கத் தொடங்கினால் பிள்ளையின் கொடுப்பனவை நிறுத்திவிடுவார்களா?

இந்தப் பயத்தாலேயே வேலைக்குப் போகாதவர்கள் பலர். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. அது பிள்ளையின் பெயரால் வருவது. அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவி குடும்ப நிலையைப் பார்த்துத் தருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் வருமானத்தை எழுதிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் நேரில் போய்க் கேளுங்கள். ஒளித்து வேலை செய்து பிறகு யாராவது பெட்டிசம் போட்டால் மனம் உடைந்துபோகும். இதுவரை விண்ணப்பிக்காதவர்கள் அதே நாளில் விண்ணப்பமும் கேளுங்கள். பிள்ளையின் மருத்துவ அறிக்கையின் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

தையல் இயந்திரம் வாங்கக் கடன் எடுக்கலாமா?

கிழமைத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை எடுக்க வேண்டாம். வடக்கு கிழக்கில் அதனால் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததல்ல. நம் வருமானம் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும், தவணை இறங்காது. நான் ஒரு சீட்டுப் பிடித்து, பழைய இயந்திரம் ஒன்றை வாங்கித் திருத்தித்தான் தொடங்கினேன்.

நான் வேலை செய்யும்போது பிள்ளையை யார் பார்ப்பது?

எங்கள் வழி இது: இரண்டு அம்மாமார் சோடி சேர்வோம். செவ்வாய் நான் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பேன், வியாழன் அவர். இதற்குக் காசு இல்லை. பிள்ளையின் அழுகை எதற்கான அழுகை என்று புரிந்துகொள்ள, இதே போன்ற பிள்ளையை வளர்க்கும் ஒருவருக்கு அதிக நாள் பிடிக்காது. சேருமுன் இரண்டு கிழமை நீங்கள் இருவரும் கூட இருந்தே பழக்குங்கள்.

மாமி பார்த்தாலும் அயல்வீட்டு அக்கா பார்த்தாலும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், எப்படி அமைதியாவான், மருந்து எத்தனை மணிக்கு, உங்கள் இலக்கம். வலிப்பு வரும் பிள்ளையென்றால் இதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: பக்கவாட்டில் கிடத்த வேண்டும், வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும். கையில் இரும்பைக் கொடுப்பதெல்லாம் வேண்டாம். நம் ஊரில் கடல் எந்த வீட்டுக்கும் தூரமில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடும் பிள்ளைக்குப் படலையில் உயரமான கொளுக்கி போட்ட பிறகே வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

“பிள்ளையை இப்படி வைத்துக்கொண்டு உனக்கு உழைப்பு வேண்டுமா” என்கிறார்கள். என்ன சொல்ல?

எனக்கும் சொன்னார்கள், அதுவும் சொந்தத்தில். ஒரு நாள் பேச்சுச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக ஓட்டோக் காசு இல்லாமல் போகாமல் விட்டோம். அடுத்த தவணை வர ஆறு கிழமை ஆனது. அந்த ஆறு கிழமையை நினைத்துக்கொள்வேன். அதன்பிறகு யாருக்கும் பதில் சொல்லத் தோன்றியதில்லை.

நான் ஒரு அப்பா. எனக்கும் இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. முதலில் அந்த மணிக்கொப்பியை நீங்களும் ஒரு கிழமை எழுதுங்கள். பிறகு வேலை நேரத்தை மாற்றக்கூடியவர் யார் என்று இருவரும் இருந்து பேசுங்கள். ஓட்டோ ஓட்டும் என் கணவர் இப்போது கிளினிக் நாட்களில் காலைச் சவாரியை விட்டு, மாலையில் ஓடுகிறார். இலக்கம் எடுக்க அதிகாலையில் போவதும் அவர்தான். மருந்துப் பெயர்கள் எல்லாம் இப்போது அவருக்கும் மனப்பாடம்.

மூன்று மாதமாகக் கேட்டுத் திரிகிறேன், ஒன்றும் அமையவில்லை.

யாரிடம் கேட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நாலு பேராக இருப்பார்கள். பிள்ளையின் பாடசாலை வாசலில் நிற்கும் அம்மாமார், மருந்துக் கடை, அச்சகம், முன்பள்ளி, கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல், தேவாலயம் என்று இடத்தை மாற்றுங்கள். “ஏதாவது வேலை இருக்கிறதா” என்று கேட்காமல், “காலையில் இரண்டரை மணி இருக்கிறது, கணக்கெழுதுவேன், தைப்பேன்” என்று சொல்லுங்கள். கிண்ணியாவில் இருப்பவர்கள் நகரத்துக் கடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 2009இல் பாலம் திறக்குமுன், ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்தே அரைநாள் போய்விடும், இப்போது பஸ்ஸில் வந்து திரும்பலாம். அமையும்வரை கொப்பியில் இருக்கும் அந்த நேரத்தை வேறு வீட்டு வேலை விழுங்காமல் காப்பாற்றுங்கள். நான் ஓவர்லொக்குக்குத் துணி கொடுக்கும் அக்கா அப்படிக் காத்து வைத்திருந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என் துணி போய்ச் சேர்ந்தது.